கழுத்தைத் திருகியது யார்

கிட்டாரை எங்களுக்கு விற்ற பல் டாக்டர், தான் அதை அதிகம் வாசித்ததே இல்லை என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பெரியவன் கிட்டாரின் ஃப்ரெட்டுகளைப் பார்த்தான். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் அந்த உலோகப் பட்டைகளில், தந்தி பட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. பழைய கட்டிடத்தின் மாடிப்படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்குமே, அந்த மாதிரி.

“சும்மா சுவத்துல மாட்டி வெச்சிருந்தேன் தம்பி. அழகுக்கு.”

“சுவர் நல்லா வாசிக்கும் போல,” என்றான் பெரியவன்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது அவருடைய கிளினிக்கின் வரவேற்பறை. கன்னம் வீங்கிய ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, வலியை மறந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அசரவில்லை. கிட்டாரைத் திருப்பிக் காட்டினார். “மேலதான் கறை. உள்ளே வேர் கெட்டி. கொஞ்சம் சுத்தம் பண்ணி, ரெண்டு எடத்துல அடைச்சா இன்னும் இருபது வருஷம் வரும்.” தினம் சொல்லும் வசனம் என்பதால் கோர்வையாக வந்தது. பெஞ்சில் இருந்தவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாங்கள் வாங்கிவிட்டோம்.

பெரியவன் என் பெரியப்பா மகன். என்னைவிடச் சில வாரங்கள் மூத்தவன். அந்தச் சில வாரங்களுக்குள் உலகத்தை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டவன் போலத்தான் நடந்துகொள்வான். வீட்டில் அவன் பெரியவன், நான் சின்னவன். மற்றவர்கள் எதிரில் அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும். அறைக் கதவைச் சாத்தியதும் டேய்தான். கல்லூரிக்காக நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். பெரியப்பா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், விபத்து நடந்தது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் அது நடக்கவே இல்லை என்று நிரூபிக்கும் பிரிவில் இருந்தார். பெரியம்மா பள்ளி ஆசிரியை. அவர் தேர்வு அறைக்குள் நுழைந்தால், பிட்டே கொண்டுவராத பிள்ளைகளும் ஒருமுறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம். அந்த வீட்டில் சந்தேகம் உப்பு மாதிரி. எல்லாவற்றிலும் கொஞ்சம் விழும்.

கிட்டார் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கலைக்காக என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கும் பெரியவனுக்கும் வருகைப்பதிவு குறைந்திருந்தது. அப்படிக் குறைந்தவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடுத்த வருடம் அதே பாடம், அதே பெஞ்ச், அதே வாத்தியார், அதே நகைச்சுவை. ஆனால் கல்லூரிக் குழு எதிலாவது இருப்பவர்களுக்கு, வராத நாட்களையும் வந்ததாக எழுதிக்கொள்வார்கள். விளையாட்டுக் குழுவில் சேர ஓட வேண்டும். நாடகக் குழுவில் மரமாக நிற்கக்கூட ஆள் நிறைந்துவிட்டது. இசைக் குழுவில் மட்டும் கிட்டார் வாசிப்பவரின் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று. ஆட்கள் இரண்டு பேர். கிட்டாரும் ஒன்று, அது எங்கள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. யார் நன்றாக வாசிக்கிறார்களோ அவர்கள் தப்பிக்கலாம், மற்றவர் மறுபடியும் படிக்கலாம் என்று கை கொடுத்து முடிவு செய்தோம். கை கொடுக்கும்போதே இருவரும் மற்றவர் கையை உற்றுப் பார்த்தோம்.

ஆனால் வேலை நடந்த அந்த வாரங்கள், நம்பினால் நம்புங்கள், நன்றாகவே போயின. பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு தினுசு. உள்ளே ஓர் ஒயர் அறுந்திருந்தது. டாக்டர் அதைப் பல்லுக்குக் கட்டும் கம்பியால் கட்டி வைத்திருந்தார். வால்யூமைத் திருப்பினால் சருகில் நடக்கிற சத்தம். தந்தியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக்குகிற காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். இதில் மூன்று இருந்தன, ஒன்று செத்துவிட்டது, ஒன்று சாகக் கிடந்தது. மூன்றையும் எடுத்துவிட்டு நல்லதாகப் புதிது போட்டோம். பால்கனியில் உட்கார்ந்து ஒயர்களைப் பற்றவைத்தபோது பெரியவன் ஈயச் சொட்டு ஒன்றைத் தன் பேண்டிலேயே விட்டுக்கொண்டான். ஓட்டை விழுந்த இடம் வெளியில் சொல்லக்கூடியதல்ல. விரல் படும் பலகையில் கருப்பாகப் படிந்திருந்த அழுக்கைப் பழைய பல் துலக்கி ஒன்றால் தேய்த்தோம். அது பழையது அல்ல, பெரியப்பா அன்று காலையிலும் உபயோகித்தது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஃப்ரெட்டுகளை ஒரே மட்டமாக அராவி, ஒவ்வொன்றின் முதுகையும் மறுபடி வளைவாக்கி, மினுக்கினோம். தலைப்பக்கத்தில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற, துருப்பிடித்த முறுக்காணிகளை மாற்றினோம். இதற்கெல்லாம் நேரம் வேண்டுமே, அதனால் வகுப்புக்குப் போகவில்லை. வருகைப்பதிவைக் காப்பாற்றப் போய், கொஞ்சம் மீதமிருந்த வருகைப்பதிவும் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரரின் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கி முதன்முதலாகச் சொருகிய அன்று, நான் ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். அது அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாக அடங்கியது.

“இது நாம பண்ணினதா?” என்றான் பெரியவன்.

“டாக்டர்கிட்ட சொல்லிடாத. திருப்பிக் கேப்பார்.”

அதற்குப் பிறகுதான் கழுத்து விவகாரம் ஆரம்பித்தது.

மின்கிட்டாரின் கழுத்துக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பி போகும். தலைப்பக்கத்தில் அதற்கு ஒரு நட் உண்டு. எல் வடிவச் சாவியால் அதை இறுக்கினால் கழுத்து நிமிரும், தந்திகள் பலகையை நெருங்கும். தளர்த்தினால் கழுத்து கொஞ்சம் முன்னால் வளையும், தந்திகள் உயரும். எனக்குத் தாழ்வாக இருக்க வேண்டும்; என் விரல்கள் வேலையைத் தவிர்க்கப் பார்ப்பவை, தொட்டாலே சத்தம் வரவேண்டும். பெரியவனுக்கு உயரமாக வேண்டும்; அவன் வாசிக்கிற வேகத்துக்குத் தந்தி தாழ்வாக இருந்தால், அது ஃப்ரெட்டில் மோதி, ஜன்னல் கண்ணாடியில் மாட்டிய ஈ மாதிரி இரையும். யாருக்கும் பிடிக்காத ஓர் இடைப்பட்ட உயரத்தில் வைத்து, இது நியாயம் என்று ஒப்புக்கொண்டோம். காலையில் அவன் பழகுவான், மாலையில் நான்.

மறுநாள் மாலை நான் எடுத்தபோது தந்திகள் உயர்ந்திருந்தன.

கொஞ்சம்தான். ஒரு விசிட்டிங் கார்டு கனம். ஆனால் காப்பீட்டுக்காரர் வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு விசிட்டிங் கார்டு கனம் போதும். கேட்டால் இல்லை என்பான். அதனால் கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கால் சுற்று இறுக்கி, நியாயத்தை நிலைநாட்டினேன். அடுத்த நாள் மறுபடியும் உயர்ந்திருந்தது. மறுபடியும் இறுக்கினேன். அதற்கடுத்த நாள் அநியாயத்துக்கு உயர்ந்திருந்தது.

சாட்சி வேண்டும் என்று பட்டது. பெரியம்மா தன் டிபன் பாக்ஸ் மூடியில் அடையாளத்துக்காகச் சிவப்பு நகப்பூச்சு வைப்பார். ஆசிரியர் அறையிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அந்தக் குப்பியிலிருந்து ஊசி முனையளவு எடுத்து, நட்டின் விளிம்பிலும் அதற்கு நேரே மரத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். இரண்டு பொட்டும் நேராக இருந்தால் யாரும் தொடவில்லை. விலகியிருந்தால் பெரியவன்.

விலகியிருந்தது. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அப்போதுதான் என் பொட்டுக்குப் பக்கத்தில், கூர்மையாகச் சீவிய பென்சிலால் போட்ட மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அதை நான் போடவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அறைக் கதவைச் சாத்தியதும் அவனே ஆரம்பித்தான்.

“நட்டுல என்னடா சிவப்பா?”

“துருவா இருக்கும்.”

“துரு பளபளன்னு இருக்குமா?”

“அது கெடக்கட்டும். கோடு என்ன கோடு?”

“எந்தக் கோடு?”

“பென்சில் கோடு.”

“கம்பெனியில போட்டு அனுப்பியிருப்பான்.”

“அந்தக் கம்பெனிக்காரன் நேத்து நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனானா?”

பெரியவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். “டேய், தெனமும் காலையில எடுத்தா ஸ்ட்ரிங் பலகையோட ஒட்டிக்கிட்டு இரையுது. எவனோ இறுக்கி வெச்சிருக்கான். நான் பாவம், தெனம் சரி பண்ணி வைக்கிறேன்.”

“நீ சரி பண்றியா? தெனமும் சாயந்திரம் எடுத்தா பாலம் மாதிரி தூக்கிட்டு நிக்குது. சரி பண்றவன் நானு.”

“அப்ப நீ தொட்டிருக்க.”

“நீ தொட்டதாலதான் தொட்டேன்.”

“நான் நீ தொட்டதுக்கு அப்புறந்தான்டா தொட்டேன்!”

“முதல் நாள் யார் தொட்டது?”

இருவரும் யோசித்தோம். இருவருக்கும் முதல் நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. இருவர் ஞாபகத்திலும் முதலில் தொட்டது மற்றவர்தான்.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்து கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கிட்டாரையோ கழுத்தையோ பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “சாவி எங்க?” என்றார். கொடுத்தேன். “ரெண்டு பேரும் பாக்கெட்டைக் காட்டுங்க,” என்றார். பெரியவன் பாக்கெட்டிலிருந்து இன்னொரு சாவி வந்தது.

“இது?”

“ஸ்பேர்மா.”

“வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நின்னியே, அன்னிக்கு இந்த ஸ்பேர் புத்தி எங்கடா போச்சு?”

இரண்டு சாவியும் அவர் கைப்பைக்குள் போயின. கைப்பை அவர் தலையணைக்குப் பக்கத்தில் போயிற்று. கிட்டார் கூடத்து மேஜைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டது. கடைசியாக இருவரும் சேர்ந்து நின்று உயரத்தை அளந்தோம். என் பொட்டையும் அவன் கோட்டையும் புதிதாக நேராக்கிப் போட்டுக்கொண்டோம். இனி அதை ஆண்டவனாலும் திருக முடியாது.

மறுநாள் கல்லூரியிலிருந்து ஒன்றாகவே கிளம்பி, ஒன்றாகவே வந்து, ஒன்றாகவே குனிந்து பார்த்தோம். பொட்டு நேராக இருந்தது. கோடும் நேராக இருந்தது. தந்தி இறங்கியிருந்தது.

“அப்பா,” என்றான் பெரியவன் மெதுவாக.

எனக்கும் அதே எண்ணம்தான். பெரியப்பாவுக்குக் காரணம் இருந்தது: பல் துலக்கி. அவர் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதும் உறுதியானது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் இருவரும் போய் நின்றோம்.

“அப்பா, இந்தக் கிட்டாரை நீங்க தொட்டீங்களா?”

அவர் பேப்பரை மடித்தார். அவருக்கு இது அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது, முகம் மலர்ந்தது. “என்ன சேதம்?”

“ஸ்ட்ரிங் இறங்கிடுச்சு.”

“சேதத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?”

“இல்ல.”

“பூட்டு உடைஞ்சிருக்கா? அடையாளம் ஏதாவது கலைஞ்சிருக்கா?”

“இல்ல பெரியப்பா. எல்லாம் அப்படியே இருக்கு.”

“சாவி?”

“பெரியம்மா கைப்பையில.”

“அப்ப அது பாங்க் லாக்கர். யாரும் தொடல, எதுவும் உடையல, ஆனா சாமான் மாறிடுச்சு. இதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு பேர் இருக்கு. தானா ஆனது. அதுக்கெல்லாம் நாங்க ஒண்ணும் தர்றதில்ல.” மறுபடி பேப்பரை விரித்தார். “ஆமா, என் பிரஷ் விஷயம் என்னாச்சு?”

நாங்கள் அறைக்குத் திரும்பிவிட்டோம். தானாக ஆனது என்ற சொல் எங்களோடு வந்துவிட்டது. பெரியவன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் தரையில்.

“கடைசியா திருகினது யாரு?” என்றான்.

“நேத்து சாயந்திரம் நான். இறுக்கினேன்.”

“இறுக்கினா இறங்கும். ஆனா நேத்தே இறங்கியிருக்கணும்ல?”

“நேத்து கொஞ்சம் இறங்குச்சு. இன்னிக்கு மிச்சம் இறங்கியிருக்கு.”

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். மரம் சொன்னவுடன் கேட்பதில்லை. இன்று திருகினால் கொஞ்சம் அசையும். மறுநாள் முழுக்க மெல்ல மெல்ல மிச்சத்தையும் கேட்கும். அவன் காலையில் தளர்த்தியதைக் கழுத்து மாலை வரைக்கும் நிதானமாக நிறைவேற்றிக்கொண்டிருக்கும். நான் வந்து, அவன் அளவுக்கு மீறித் திருகியதாக நினைத்து இறுக்குவேன். நான் இறுக்கியதை அது காலை வரைக்கும் நிறைவேற்றும். அவன் எழுந்து, என்னைத் திட்டிக்கொண்டே தளர்த்துவான். அந்த வீட்டில் எங்கள் இருவர் பேச்சையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான்.

“அப்ப ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல,” என்றான் பெரியவன்.

“இல்ல.”

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான்.

“ஆனா முதல்ல தொட்டது நீதான்.”

இசைக் குழுத் தேர்வுக்கு முன் கழுத்தைப் பெரியம்மா முன்னிலையில் சரிசெய்து, போதிய அவகாசம் விட்டு, அசைந்து முடித்த பிறகுதான் இருவரும் தொட்டோம். எந்தப் பக்கமும் சாயாத உயரம். தந்திகளைப் புதிதாக மாற்றினோம்; அவன் மூன்று, நான் மூன்று. முறுக்காணி ஒவ்வொன்றின் தலையிலும் பெரியவன் பென்சிலால் கோடு போட்டான். இந்த முறை ஒளிக்கவில்லை, என் எதிரிலேயே போட்டான். “டியூன் பண்ணியாச்சு. இனி எவனாவது திருகினா தெரியும்,” என்றான். எவனாவது என்று பொதுவாகத்தான் சொன்னான், பார்த்தது என்னை.

இசைக் குழுவின் அறை கல்லூரிக் கட்டிடத்தின் கடைசி மாடியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறைக்கு அடுத்தது. குழுத் தலைவி எங்களுக்கு மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்ந்தெடுத்தவரின் பெயரை மதியத்துக்குள் அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும், அத்தோடு குழுவில் சேர்க்கை முடிந்துவிடும் என்றார். முதலில் யார் என்றார். மூத்தவன் என்ற முறையில் பெரியவன்தான் போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவதாக வாசிப்பதுதான் ஞாபகத்தில் நிற்கும் என்று அவன் கணக்குப் போட்டு, “சின்னவன்தானே, முதல்ல போகட்டும்,” என்று பெருந்தன்மை காட்டினான்.

வாசித்தேன். சுமாராக இல்லை, நன்றாகவே வாசித்தேன். நடுவில் மூன்றாவது தந்தி மட்டும் சுருதி இறங்குவது காதில் பட்டது. முறுக்காணியைத் தொட நேரமில்லை; வாசித்துக்கொண்டே, இடது கை விரலால் அந்தத் தந்தியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றிச் சமாளித்தேன். அக்கா தலையாட்டினார். பாட்டு முடிவதற்குள் அது இன்னும் இறங்கியிருந்தது.

வாசலில் பெரியவன் கையில் கிட்டாரைக் கொடுத்தபோது, அவன் காதருகில் சொன்னேன்: “மூணாவது இறங்குதுடா. உள்ள போனதும் ஏத்திக்கோ.”

அவன் என்னைப் பார்த்தான். முறுக்காணியைப் பார்த்தான். என்னை மறுபடி பார்த்தான். “சரி,” என்றான்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவன் ஏற்றவில்லை. முதல் வரியிலேயே மூன்றாவது தந்தி, கல்யாண வீட்டுப் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் உறவினர் மாதிரி, தனியாகத் தெரிந்தது. அவன் இன்னும் ஓங்கி அடித்தான். ஓங்கி அடிக்க அடிக்க அது இன்னும் இறங்கியது. பாதியிலேயே “போதும்பா” என்ற குரல் கேட்டது. அக்கா வெளியே தலையை நீட்டி, “உன் பேரைத்தான் சொல்லப்போறேன், இரு,” என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் செமஸ்டர் பிழைத்தது. பெரியவன் கிட்டாரோடு வந்து, தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். மரியாதையோடு பார்த்தான்.

“நல்லா செஞ்சடா.”

“நான் சொன்னேன்ல? இறங்குதுன்னு சொன்னேன்ல?”

“சொன்ன. அதான் நம்பல. சரியா இருக்கற ஸ்ட்ரிங்கை ஏத்த வெச்சு என்னைக் கவுக்கப் பாக்கறன்னு நெனச்சேன்.”

“காதால கேக்க வேண்டியதுதானே?”

“எதுக்குக் கேக்கணும்? இங்க பாரு.” முறுக்காணியைக் காட்டினான். “கோடு போட்ட எடத்துலதான் இருக்கு. ஒரு இம்மி நகரல. கோடு சரியா இருந்தா சுருதி சரியா இருக்கணும்ல?”

நான் பார்த்தேன். கோடு உண்மையாகவே நேராகத்தான் இருந்தது. முறுக்காணி அசையவில்லை. முறுக்காணியில் சுற்றியிருந்த தந்திதான் வழுக்கியிருந்தது. சுற்று போதவில்லை, நுனி ரொம்பக் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது.

“இதைச் சுத்தினது யாரு?” என்றான்.

மூன்றாவது தந்தி என் பங்கில் வந்தது. “நான்.”

“அவ்ளோதான். கேஸ் முடிஞ்சது.” அவன் தோளைக் குலுக்கினான். “திட்டம் நல்ல திட்டம். குறை சொல்ல மாட்டேன்.”

திட்டமே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவனிடம் அந்த எச்சரிக்கையைச் சொன்னபோது, அவன் நம்பமாட்டான் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வேறு யாராவது இதே கதையை என்னிடம் சொல்லியிருந்தால், நான் ஒரு நிமிடம்கூட நம்பியிருக்கமாட்டேன். இத்தனை வாரங்களில் அவனிடம் நான் கலப்படமில்லாமல் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதுவே அவனைக் கவிழ்த்துவிட்டது. அந்த வெற்றியோடு அவனுக்கு எதிர்க் கட்டிலில் ஒரு வருடம் என்னால் படுத்திருக்க முடியாது என்று தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“அக்கா, பேர் சொல்லிட்டீங்களா?”

“சொல்லப்போறேன். ஏன்?”

“அண்ணனை இன்னொரு தடவ கேளுங்க. ஸ்ட்ரிங் வழுக்கியிருக்கு.”

“அது கேட்டுதே. உனக்கு ஏன் வழுக்கல?”

“வழுக்குச்சு. நான் நடுவுல சமாளிச்சுட்டேன்.”

“அப்ப அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன்.”

“சொல்லி?”

“அண்ணன் நம்பல.”

அக்கா சம்மணத்தைக் கலைத்துக் காலைக் கீழே போட்டார். “ரெண்டு பேரும் சொந்தமா?”

“பெரியப்பா பையன்.”

“அதான பார்த்தேன். கூப்பிடு அவனை.”

பெரியவன் வர மறுத்தான். வாசற்படியிலேயே நின்றுகொண்டு, “இதுல என்ன மறைச்சு வெச்சிருக்க?” என்றான். அக்கா எழுந்து வந்து அவன் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கினார். மூன்றாவது தந்தியை முழுக்கக் கழற்றி, உறையில் கிடந்த புதிய தந்தி ஒன்றை எடுத்து, நிறையச் சுற்று வரும்படி தானே மாட்டி, தானே சுருதி சேர்த்தார். “ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க,” என்றார். நின்றோம்.

பிறகு பெரியவன் வாசித்தான். அவன் எப்போதும் போல ஓங்கித்தான் வாசித்தான். ஆனால் இந்த முறை தந்திகள் அந்த அடியைத் தாங்கின. நாங்கள் போட்ட பிக்கப்புகள் அதை வாங்கிச் சுவரில் அறைந்தன; அடுத்த அறையின் உடைந்த நாற்காலிகளில் ஏதோ ஒன்று கடகடவென்று ஆடியது. என் வாசிப்பில் எந்த நாற்காலியும் ஆடவில்லை. அவன் முடிக்கும் முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “உன்னுது சுத்தமா இருக்கு தம்பி. ஆனா எங்க டிரம்ஸ்காரன் பக்கத்துல நீ வாசிச்சா, வாசிக்கிறியா கொட்டாவி விடறியான்னு தெரியாது. இவன் வாசிச்சா கேக்கும்.” போனை எடுத்து, பெரியவன் பெயரை அலுவலகத்துக்குச் சொன்னார்.

வீட்டுக்கு நடந்துதான் போனோம். பெரியவன் தோளில் கிட்டார். வழி நெடுக அவன் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு சைக்கிள்காரர்மேல் மோதப் பார்த்தான்.

“ஏன்டா அப்படிப் பண்ணின?”

“சும்மாதான்.”

“சும்மா எவனும் ஒரு செமஸ்டரை விடமாட்டான்.”

“பாவமா இருந்துச்சு.”

“யாரு, நானா?” அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. “உண்மையைச் சொல்லு. அம்மாகிட்ட நல்ல பேர் வாங்கவா?”

“இல்ல.”

“அந்த அக்காவுக்காகவா?”

“அவங்க என்னைக் கொட்டாவின்னு சொன்னாங்கடா.”

“அப்ப கிட்டார்? என் பாதியைப் பிடுங்கப் பாக்கறியா?”

“வேணாம்.”

ஒவ்வொரு ‘இல்லை’க்கும் அவன் முகம் இன்னும் இருண்டது. நடையை நிறுத்தி, வாரை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் இருந்தது பயம் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். காரணமே இல்லாமல் ஒருவன் நல்லது செய்தால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தூக்கம் வராது. பெரியப்பாவாக இருந்தால் இந்நேரம் விசாரணைக் கமிஷனே வைத்திருப்பார். இப்படியே விட்டால் இவன் வருடம் முழுக்க என் தலையணையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான்.

“சரி, சொல்லிடறேன்,” என்றேன். “பெரியம்மாகிட்ட சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“பிராக்டிஸ் தெனமும் விடியக்காலையில. இருட்டு போறதுக்கு முன்னாடி வரணுமாம். ஞாயித்துக்கிழமையும்.” தலையைக் குனிந்துகொண்டேன். “என்னால எந்திரிக்க முடியாதுடா. பாடத்தையே இன்னொரு தடவ படிச்சுக்கறேன்.”

பெரியவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு அவன் முகத்தில் ஒவ்வொரு தசையாகத் தளர்ந்தது. பல நாள் கழித்து மூச்சு விடுகிறவன் மாதிரி விட்டான்.

“அதானே!” என்றான். “அதானே பார்த்தேன்! என்னை மாட்டி விட்டுட்டு நீ இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப் பாத்த. துரோகி!” முதுகில் ஒன்று வைத்தான், வலித்தது, அவ்வளவு பாசமாக அவன் என்னை அடித்ததே இல்லை. தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கிட்டாரைக் கழற்றி என் தோளில் மாட்டினான். “தூக்கிட்டு வா. இந்த வேலையாவது செய்.” மீதி வழி முழுக்க, எந்த அலாரம் வாங்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான்.

பயிற்சி மாலையில்தான். குழு அறையின் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். வாசற்படியில் நின்றபோது அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் படிக்கவில்லை.